கொல்லயில் வயலில் ஒரு ரோமாபுரித் தெரு

செல்லம்மை அன்று காலையில் எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றபோது அவள் கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் இருந்தது. பழம் கொண்டு வருகிற ஆளில்லை செல்லம்மை. எங்கள் கோழி அவள் விளைக்குள் கால் வைத்தால் கோழியையும் என்னையும் சேர்த்து ஏசுகிறவள். அப்படிப்பட்டவள் பழத்தை அம்மிமேல் வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

“டீச்சரே, எங்க கிணறு எந்தப் பக்கமாக்கும் வருது?”

நான் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். கிணறு கிடக்கிற இடத்தில்தானே கிடக்கும், அது எங்கே வரப்போகிறது என்று கேட்டேன். நான் நடிக்கிறேன் என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மாஸ்டர் வயலில் கயிறு பிடித்து எல்லை போடுவது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி, எங்களிடம் மறைக்க வேண்டாம் என்றாள். தொழுவமும் புளியமரமும் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் போகட்டும், கிணறு மட்டும் தமிழ்ப் பக்கம் வரும்படி குச்சியைக் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் அவர் கேட்பார் என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்திருக்கக் கூடாது. அவள் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டர் என்றால் என் வீட்டுக்காரர் ஞானதாஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அதே பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் நடத்தினேன். கலியாணமாகி இத்தனை வருஷம் கழித்தும், அவர் போய்ச் சேர்ந்த பிறகும்கூட, எனக்கு அவர் மாஸ்டர்தான். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் காலத்துப் பெண்ணல்ல நான். ‘என்னங்க’ என்று இழுக்கவும் எனக்கு வராது.

அவர் அந்த வயலில் கயிறு பிடித்தது உண்மை. குச்சி நட்டதும் சுண்ணாம்பு தூவியதும் உண்மை. ஆனால் அவர் போட்டது தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே உள்ள எல்லை இல்லை. எரிமலைச் சாம்பல் மூடி, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பொம்பேய் என்கிற ரோமாபுரிக் காலத்துப் பட்டணத்தின் தெருக்களை அவர் கொல்லயில் என்கிற எங்கள் ஊர் வயலில் போட்டுக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கிற உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது. செல்லம்மை முகமும் அப்படித்தான் போயிருக்கும், சொல்லியிருந்தால்.

கயிறு எடுத்தவனெல்லாம் கள்ளன்

அந்த வருஷங்களைப் பற்றி இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிவதில்லை. திருவிதாங்கூரின் தெற்குத் தாலூக்காக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஊர்வலம். விடமாட்டோம் என்று இன்னொரு பக்கம் ஊர்வலம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருந்த எங்களுக்கோ இரண்டு ஊர்வலமும் ஒரே ரோட்டில்.

நாங்கள் எந்த மொழிக்காரர்கள் என்று அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. மீன்காரியிடம் மலையாளத்தில் விலை கேட்போம், தமிழில் குறைப்போம், எரிச்சல் வந்தால் இரண்டிலும் ஏசுவோம். கோயிலில் பாட்டு தமிழ், கோர்ட்டில் வழக்கு மலையாளம். திடீரென்று ஒருநாள் எல்லாரும் ஒரு பக்கமாக நிற்க வேண்டும் என்று வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தக் கொடி, தம்பி அந்தக் கொடி. கஞ்சி மட்டும் ஒரே பானையில்.

தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்த செய்தி வந்தபோது விளையாட்டெல்லாம் போய்விட்டது. சாயங்காலமானால் ரோட்டில் ஆள் இருக்காது. கமிஷன் வருகிறது, கமிஷன் போகிறது, எல்லை இந்த ஓடையோடு போகும், இல்லை அந்தப் பாலத்தோடு போகும் என்று தினம் ஒரு கதை.

அப்படிப்பட்ட நாளில் ஒருவன் கையில் கயிறோடு வயலில் இறங்கினால் என்ன ஆகும்? கிணறு தோண்ட அளந்தவனைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்டார்கள். துணி காயப்போட நீளமாகக் கொடி கட்டிய ஒருத்தியைக்கூட விசாரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு, அது பொய்யாக இருக்கலாம். மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு வேலை தலைக்குள் ஏறிவிட்டால் அந்த மனுஷனுக்கு ஊரும் கிடையாது, உலகமும் கிடையாது.

கடைசியில் எல்லை எங்கே போயிற்று என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் வயலும் செல்லம்மையின் கிணறும் தொழுவமும் புளியமரமும் எல்லாம் சேர்ந்தே கேரளத்தில் கிடக்கின்றன. தண்ணீரின் ருசி மாறவில்லை.

பூவாரிலிருந்து ஒருத்தி

இந்த வேலை அவர் தலைக்குள் ஏறியதற்குக் காரணம் பிலோமி.

மாஸ்டர் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர். லாரிப் பிரிவில் போர்டு எழுதுவது, வழிப்படம் வரைவது அவர் வேலை. அங்கே அவரோடு இருந்தவர் பூவார்க்காரர் சூசை. கடல்காரர் பிள்ளை, பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டப் படித்தவர். ஒருவர் புராட்டஸ்டன்ட் மிஷன் கோயில், மற்றவர் கத்தோலிக்கர். ஊரில் என்றால் கல்யாண வீட்டில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இத்தாலியில் போய் ஒரே கம்பளியில் படுத்திருக்கிறார்கள்.

சூசை திரும்பி வரவில்லை. அவர் மனைவி பிலோமிக்கு அரசாங்கக் கடுதாசு வந்தது. இத்தாலி என்று ஒரு சொல், அவ்வளவுதான். மாஸ்டரைப் பற்றி அவளுக்குப் பல வருஷம் தெரியாது. அவளைத் தேடிப் போய் முன்னால் நிற்க மாஸ்டருக்கும் தைரியம் வரவில்லை. யாரோ சந்தையில் சொல்லித் தெரிந்துகொண்டு, ஒரு தபசு நோன்புக் காலத்தில், பொதியில் கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, பேச்சில் அழுகை கிடையாது.

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். லீவு நாளில் இவரும் சூசையும் இன்னும் சிலரோடு பொம்பேய் என்கிற அந்தப் பாழ்பட்டணத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். முந்தின வருஷம் விமானத்திலிருந்து விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று இடிபாட்டுக்குள் இருந்திருக்கிறது. சூசை ஒரு சந்துக்குள் தனியாகப் போனார். மாஸ்டர் தெரு முக்கில் இருந்த பழைய கல் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். வெடிச்சத்தம் கேட்டது. ஓடினார். போய்ச் சேர்ந்தபோது சூசைக்கு உயிர் இருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்தார். சூசை பிலோமி பெயரைச் சொன்னார், பிறகு போய்விட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நீங்க வாறதுக்கு முன்னெ, அவரு எம்புட்டு நேரம் அண்ணா தனியா கிடந்தாரு?”

கடற்கரையில் ஒருவர் சாகும்போது ஆள் இல்லாமல் போவதைவிடப் பெரிய சாபம் கிடையாது. வாயில் தண்ணீர் விட ஒருவர், காதில் ஜெபமந்திரம் சொல்ல ஒருவர் வேண்டும். கடலில் தனியாகப் போனவர்களுக்காக அவர்கள் வருஷக்கணக்காக அழுவதை நான் பார்த்திருக்கிறேன். படுக்கப் போனால் அந்தக் கேள்வியும் கூடவே வந்து படுக்கிறது என்றாள் பிலோமி. தனியாகக் கிடந்தார் என்றால் கிடந்தார் என்று சொல்லிவிடுங்கள், தெரியாமல் இருப்பதுதான் கொல்கிறது என்றாள்.

நான் கருப்பட்டிக் காப்பியோடு கதவருகே நின்று மாஸ்டருக்குக் கண்ணைக் காட்டினேன். உடனே வந்துவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இவர் தலையைக் குனிந்துகொண்டு, தெரியவில்லை பிள்ளே என்றார். அவளும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். இரக்கமில்லாத மனுஷன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை.

“தெருத் தெருவா ஓடினேன், அங்க திரும்பி இங்க திரும்பி ஓடினேன். ரொம்ப நேரம் ஓடினது போலயாக்கும் இருக்கு. தெரியாத்ததை எப்பிடி நான் அவளிட்ட பறயது? பொய்யின்னு அவளுக்குத் தெரிஞ்சா, பின்னெ ஆரிட்ட போயி கேப்பா?”

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

பாதிப் படம்

பெட்டியில் இருந்தது அந்தப் பட்டணத்தின் வரைபடம். வாசலில் விற்பவனிடம் வாங்கியது. மடிப்பில் கிழிந்து பாதிதான் இருந்தது. மறுபாதி அன்றைய அமளியில் அங்கேயே போய்விட்டது. சூசை விழுந்த இடம் போன பாதியில்.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். மாஸ்டர் இருக்கிற பாதியை வைத்து இல்லாத பாதியைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். நான் காலேஜில் ரோமாபுரிச் சரித்திரம் படித்து மார்க்கு வாங்கியவள். ராஜாக்கள் பெயரும் சண்டைகளும் தலைகீழாகச் சொல்வேன். அந்த ஊரில் ஒரு பெண் தண்ணீர் எடுக்க எந்த வழியாகப் போனாள் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதை நான் அறிந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

அந்த ஊர் வடக்கே மேடு, தெற்கே சரிவு. மழைத் தண்ணீரும் தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரும் தெருவிலேயே ஓடும். அதனால் சேறு படாமல் தெருவைக் கடக்க நடுவில் உயரமான கற்கள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். வண்டிச் சக்கரம் அந்தக் கற்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டும், அப்படிப் போய்ப் போய்த் தெருக்கல்லில் பள்ளம் விழுந்திருக்கும். எங்கே பள்ளம் திரும்புகிறதோ அங்கே தெரு திரும்புகிறது. படத்தின் கிழிந்த ஓரத்தில் ஒரு தெருவில் பள்ளத்துக்குப் போட்ட மெல்லிய கோடு வலப்பக்கம் வளைந்து போயிருந்ததை அவர் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார்.

தண்ணீர்த்தொட்டி எல்லாம் தெரு முக்கில்தான் இருந்தது. ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றுபோல வந்தது. எந்த வீட்டுக்காரியும் குடத்தோடு அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. அதே அளவில் கிழிந்த ஓரத்துக்கு அப்பால் எண்ணிக்கொண்டு போனால் அடுத்த தொட்டி எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும். அந்தத் தொட்டிதான் அவர் பூட்ஸைக் கழற்றிய தொட்டி. விளிம்பில் சாய்ந்து தண்ணீர் குடித்தவர்களின் கை பட்டுக் கல் தேய்ந்திருந்தது என்றும், தம் கையை அதே தேய்விலே வைத்துப் பார்த்ததாகவும் சொன்னார். சொல்லும்போது கையை மேசை விளிம்பில் வைத்துக் காட்டினார்.

நான் நடத்தின சரித்திரமெல்லாம் தூசு போலத் தோன்றியது என்று சொன்னால் மிகை, ஆனாலும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

எங்கள் கோயில் மூப்பர் ஒருவருக்கு மட்டும் வேறு கவலை. டிராயிங் மாஸ்டர் ராப்பகலாக ரோமாபுரியைப் பற்றியே பேசுகிறாராம், பூவாரிலிருந்து ஆள் வந்து போகிறதாம், கத்தோலிக்க சபைக்கு மாறப் போகிறாரோ என்று விசாரித்தார். மாறினால் உங்களிடம் சொல்லிவிட்டே மாறுவார் என்று நான் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு ரொட்டிக்கடை

எல்லாம் சரியாக வந்தது, ஓட்டம் மட்டும் வரவில்லை. மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான். முதலில் மேடேறி ஓடினார். வழியில் ஒரு ரொட்டிக்கடை, உள்ளே ஆள் உயரத்துக்குக் கருங்கல் திரிகை. பிறகு ஒரு திருப்பம். அப்புறம் இறக்கத்தில் ஓட்டம், அங்கே மறுபடியும் ஒரு ரொட்டிக்கடை, அதே மாதிரித் திரிகை. அதைத் தாண்டித்தான் சூசை. ரொட்டிக்கடை இரண்டு என்றால் இரண்டுக்கும் நடுவில் தூரம் இருக்கும். அப்படியானால் ஓட்டம் நீளம். சூசை நேரம் கழிந்துதான் ஆள் கண்டிருப்பார்.

பல வாரம் அவர் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றார். சோறு இறங்கவில்லை. ஒருநாள் நான் மீன் கழுவிக்கொண்டே, எரிச்சலில்தான், கேட்டேன்.

“ஒரு முக்குக்கும் அடுத்த முக்குக்கும் நடுவுல ரெண்டு பேரு போர்மா போட்டா, ரொட்டிய ஆரு வாங்குவா? பாறசாலைச் சந்தையில எவனாவது வைப்பானா?”

போர்மா என்றால் எங்கள் பக்கம் ரொட்டி சுடும் அடுப்பு. அவர் எழுந்து படத்தருகே போனார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். விரலால் தெருவைச் சுற்றிக் காட்டினார்.

மேடேறி ஓடி, திரும்பி, இறங்கி ஓடினால் அது ஊர் சுற்றுவது இல்லை, ஒரே வீட்டுக்கூட்டத்தைச் சுற்றுவது. ரொட்டிக்கடை இரண்டில்லை, ஒன்றுதான். ஒரு வாசல் இந்தத் தெருவில், மறுவாசல் அடுத்த தெருவில். சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் கட்டிடத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார். சூசை விழுந்து கிடந்தது அவர் உட்கார்ந்திருந்த தொட்டிக்கு ஏறக்குறைய நேர் பின்புறம், சுவருக்கு அந்தப் பக்கம்.

நான் சந்தோஷத்தில் ஈரக்கையோடு அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். இப்போதே பூவாருக்குப் போய்ச் சொல்லுவோம் என்றேன். அவர் அசையவில்லை. இது படம், ஓடினது நான், என் கால் ஒத்துக்கொள்ள வேண்டாமா என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

வயலில் பட்டணம்

எனக்குச் சீதனமாக வந்த வயல் கொல்லயிலில் இருந்தது. கும்பப்பூ நெல்லை அறுத்துத் தாள் மட்டும் நின்றது. வடக்கே மேடு, தெற்கே சரிவு, பொம்பேய் போலவே. அந்தத் தொட்டி, அந்த வீட்டுக்கூட்டம், சுற்றித் தெருக்கள், இவ்வளவையும் அதே அளவில், அடிக்கு அடி, அங்கே போட்டார். மரச்சீனிக் கம்பை வெட்டிக் குச்சி, தென்னங்கயிறு, கோட்டுக்குச் சுண்ணாம்பு. சூசை இறந்த ஆண்டு நாளும் அந்த மாதத்தில்தான். அன்றைக்கு வரச் சொல்லிப் பிலோமிக்கு ஆள் விட்டோம்.

ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்பு வரைக்கும் வெள்ளைக் கோடு நேராக ஓடினால் எங்கள் ஊர்க்காரர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? முதலில் செல்லம்மை மட்டிப்பழத்தோடு வந்தாள். அடுத்து அவள் புருஷன் தங்கையன் வந்தான். தமிழ்ப் பக்கத்து ஊர்வலத்தில் முன்னால் நடப்பவன் அவன். பிறகு ரோட்டோரத்துப் பலசரக்குக் கடை கொச்சுகிருஷ்ணன் வந்தான், மலையாளப் பக்கத்து ஊர்வலத்துக்காரன். மாஸ்டர் இருவரிடமும் ஒரே மாதிரி, இது ஒரு பழைய பட்டணம் என்று சொன்னார். இருவரும் ஒரே மாதிரி சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மறுநாள் காலை பார்த்தால் தெரு வடக்கே நகர்ந்திருந்தது. மாஸ்டர் குச்சிகளைப் பிடுங்கித் திரும்ப நட்டார். அடுத்த நாள் தெரு தெற்கே நகர்ந்திருந்தது. ரோமாபுரித் தண்ணீர்த்தொட்டி எங்கள் வாய்க்காலில் போய் நின்றது. ரொட்டிக்கடையின் ஒரு சுவர் செல்லம்மையின் கிணற்றை நல்லபடியாகச் சுற்றிவிட்டு வந்தது. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். எனக்குச் சிரிப்பும் கோபமும் மாறிமாறி வந்தன. மாஸ்டர் மட்டும் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அளந்தார். நாள் நெருங்க நெருங்க அவர் கண்ணில் பயம் தெரிந்தது. பிலோமி வந்து நிற்கும்போது கோணல் தெருவைக் காட்டி, அதிலே ஓடி, தவறான பதில் சொல்லிவிடுவோமோ என்கிற பயம்.

அந்த நாள்

ஆண்டு நாள் காலையில் நாங்கள் போனபோது வயலில் ஒரு குச்சிகூட இல்லை. கயிறு இல்லை. சுண்ணாம்புக் கோட்டை மண்வெட்டியால் செதுக்கி எறிந்திருந்தார்கள். இன்றைக்கு அதிகாரிகள் வந்து எல்லையை உறுதி செய்யப் போகிறார்கள் என்று ஏதோ ஒரு வாய் கிளப்பிவிட்டிருக்கிறது. வடக்கு வரப்பில் ஒரு கூட்டம், தெற்கு வரப்பில் ஒரு கூட்டம், இரண்டிலும் கம்பு. நடுவில் ஒற்றைப் போலீஸ்காரர் தொப்பியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

போலீஸ்காரர் மாஸ்டரைப் பார்த்து, யாருடைய உத்தரவில் அளக்கிறீர் என்று மலையாளத்தில் கேட்டார். மாஸ்டர் பட்டணம், எரிமலை என்று தொடங்கினார். தெற்கு வரப்பிலிருந்து ஒருவன் ஊளையிட்டான்.  துப்பாக்கிச்சூட்டுச் செய்தி வந்து அதிக நாள் ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் பிலோமி ரோட்டிலிருந்து வயலில் இறங்கினாள். கையில் ஒரு மெழுகுதிரி. இரண்டு கூட்டத்தையும் பார்த்தாள், வெறும் வயலைப் பார்த்தாள், மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. கொச்சுகிருஷ்ணன் நின்ற பக்கம் மலையாளத்தில் ஒருமுறை, தங்கையன் நின்ற பக்கம் தமிழில் ஒருமுறை, அதே விஷயத்தைச் சொன்னாள்.

“எனக்க மாப்பிள பட்டாளத்துல செத்தாரு. செத்த இடம் இந்த வயலுலயாக்கும் போட்டிருந்தது. அவரு தனியா கிடந்தாரான்னு பாத்துட்டுப் போவ வந்தேன். உங்களுக்க எல்லை எனக்கு வேண்டாம்.”

 தங்கையன் கம்பைக் கீழே போட்டான். குச்சிகளை எடுத்து வருகிறேன் என்று திரும்பினான், பிறகு நின்றான். அவன் பிடுங்கிய குச்சிகளைச் செல்லம்மை அடுப்பில் வைத்து மரச்சீனி அவித்துவிட்டாள். கொச்சுகிருஷ்ணன் பக்கத்துக் குச்சிகளின் கதியும் ஏறக்குறைய அதுதான்.

கொச்சுகிருஷ்ணன்தான் முதலில் வரப்பிலிருந்து இறங்கினான். குச்சி இல்லாவிட்டால் என்ன மாஸ்டரே, ஆள் நின்றால் போதாதா என்று கேட்டான்.

மாஸ்டருக்குப் பட்டணம் மனப்பாடம். டேப்பை எடுத்தார். ஒவ்வொரு முக்குக்கும் ஒருவரை நிறுத்திக்கொண்டே போனார். யார் எந்தக் கொடி என்று அவர் பார்க்கவில்லை. ரொட்டிக்கடையின் ஒரு வாசலுக்குத் தங்கையன், மறுவாசலுக்குக் கொச்சுகிருஷ்ணன். மேட்டுத் திருப்பத்தில் சிலர். சுவர் போகும் வழியில் இரண்டு கூட்டத்து ஆட்களும் கைகோத்து நின்றார்கள். எலே, சுவர் அசையாம நில்லுலே என்று யாரோ யாரையோ அதட்டினார்கள். போலீஸ்காரரைப் பார்த்து மாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். அவரே வந்து, தொட்டி எங்கே என்று கேட்டு, அங்கே போய் நின்றுகொண்டார்.

அப்படித்தான் பொம்பேய் பட்டணத்தின் ஒரு மூலை எங்கள் வயலில் எழுந்து நின்றது. நான் பிறகு எத்தனையோ படங்களில் அந்த ஊரைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்தது போல எதிலும் பார்க்கவில்லை. இதை யோசித்து யோசித்து மண்ணிலே எழுப்பிய மனுஷன் என் வீட்டுக்காரர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுகையும் வந்தது, துடைத்துக்கொண்டேன்.

சூசை விழுந்த இடத்தில் பிலோமியை நிறுத்தினார் மாஸ்டர். இனி ஓட வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். போலீஸ்காரரிடம் கடிகாரம் இருந்தது. பிலோமி வேண்டாம் என்றாள். எங்கள் ஆட்கள் வலை போட்டுவிட்டு மந்திரம் சொல்லித்தான் நேரம் பார்ப்பார்கள், மாதாவுக்குச் சொல்கிற மங்கள வார்த்தை ஜெபத்தை நான் நிதானமாகச் சொல்கிறேன், எத்தனை முறை ஆகிறது என்று பார்ப்போம் என்றாள். வீட்டில் ராத்திரி கணக்குப் போட்டபோதெல்லாம் அந்த ஜெபம் ஐம்பது தடவைக்கு மேல் வருகிற ஒரு ஜெபமாலை முழுவதும் ஆகியிருக்கும் என்றே பயந்திருக்கிறாள்.

மாஸ்டர் போலீஸ்காரர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். பிலோமி கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

அவர் எழுந்து ஓடினார். இளந்தாரி வயசில்லை, என் சமையலில் தொந்தியும் வைத்திருந்தார். மேடேறும்போது மூச்சு இரைத்தது. தங்கையனைத் தாண்டினார், மேட்டில் தடுக்கி விழப்போனார், திரும்பினார். இறக்கத்தில் அவர் கால் தானாகவே ஓடியது, கண் தரையைப் பார்க்கவே இல்லை. கொச்சுகிருஷ்ணனைத் தாண்டியதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இதே, இதேயாக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்து பிலோமியின் காலடியில் முழங்கால் குத்தி விழுந்தார்.

பிலோமி நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள்.

“ஒண்ணுகூட முடியல்ல, அண்ணா.”

யாரும் அசையவில்லை, சுவராக நின்றவர்கள்கூட. அவள் மெழுகுதிரியை நெல்தாள் நடுவே குத்தி நட்டாள். மாஸ்டர் பக்கத்திலேயே முழங்கால் போட்டு, விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொல்லி முடித்தாள்.

எங்கள் சபையில் அந்த மந்திரம் கிடையாது. மீதியில் என்ன வருகிறது என்று நான் அவளை பஸ் ஏற்றும்போதுதான் கேட்டேன். சாகிற நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள் என்று கேட்கிற இடம் அந்தக் கடைசியில்தான் வரும் அக்கா, அதுக்கு முன்னாலேயே அண்ணன் வந்துவிட்டார் என்றாள்.